மழை பூட்ஸுக்குள் மூலிகை சிரப்

மனைவிக்குத் தெரியாமல் ஒரு மனிதருக்குச் சளி பிடிக்கலாம். அது யாருக்கும் நடக்கும். ஆனால் மனைவிக்குத் தெரியாமல் அந்தச் சளியைக் குணமாக்கிக் காட்டுகிறேன் என்று ஒருவர் கிளம்பினால், அந்தத் துணிச்சலை என்னவென்று சொல்வது? நம் கிரேன்காரர் அப்படித்தான் கிளம்பினார்.

ஆளைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். நகரத்தின் புது ரயில் நிலையம் எழும்பும் இடத்தில், எல்லாவற்றுக்கும் மேலே நீண்ட கையை நீட்டிக்கொண்டு ஒரு மஞ்சள் கிரேன் நிற்கிறது. அதன் உச்சியில் ஒரு கண்ணாடி அறை. ஒரு நாற்காலி, இரண்டு பிடிகள், சுற்றிலும் ஆகாயம். அதுதான் அவருடைய ஆபீஸ். காலையில் ஏணியேறிப் போய் உட்கார்ந்துவிட்டால், மழைக் காலத்தில் மேகமே வந்து ஜன்னலை உரசிவிட்டுப் போகும். கீழே எஞ்சினியர்கள், மேனேஜர்கள், அவர்களுடைய கார்கள் எல்லாம் பொடிப்பொடியாகத் தெரியும். இவர் பிடியை ஒரு விரல் அசைத்தால் லாரி கனமுள்ள இரும்புச் சட்டம் பூப்போல எழும்பும். இத்தனை வருஷம் ஆகியும் ஒவ்வொரு தடவையும் அவருக்குப் புல்லரித்துப் போகும். இவ்வளவு பெரிய விஷயம் இவ்வளவு சின்ன விரலுக்கு எப்படிக் கட்டுப்படுகிறது என்று தன் விரலையே பார்த்துக்கொள்வார்.

"இந்த ஊர்ல பாதியை நான்தான் தூக்கி வெச்சேன்" என்று சொல்லிக்கொள்வார். அதில் பொய் அதிகமில்லை. ஆனால் ஒரு சின்ன விவரத்தை மட்டும் விழுங்கிவிடுவார். அவ்வளவு உயரத்தில் இருப்பவருக்கு, கொக்கி எங்கே போய் உட்காருகிறது என்று சரியாகத் தெரியாது. கீழே ஒருவர் நின்று கையால் ஜாடை காட்ட வேண்டும். ஏற்று என்றால் ஏற்ற வேண்டும். இறக்கு என்றால் இறக்க வேண்டும். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினால் அப்படியே நிறுத்த வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. அந்த வேலையைப் பார்ப்பவரை எல்லோரும் சிக்னல் அக்கா என்பார்கள். ஆரஞ்சுச் சட்டை, தலையில் தொப்பி, இடுப்பில் வாக்கி டாக்கி. சிக்னல் அக்கா வேறு யாருமில்லை. கிரேன்காரரின் சொந்த மனைவி.

"வேலையில அக்கா கை ஜாடைக்கு ஆடறீங்களே, வீட்டுல எப்படி?" என்று ஒரு நாள் யாரோ கேட்டார்கள்.

கிரேன்காரர் வாயைத் திறப்பதற்குள் மீசை பதில் சொல்லிவிட்டார். "வீட்டுல கை எதுக்குப்பா? கண்ணே போதும்."

மீசை என்பவர் இன்னொரு கிரேன் ஆபரேட்டர். நம்மவருக்கு உடம்பு சரியில்லை என்றால் மேலே ஏறுவதற்கென்றே இருப்பவர். நம்மவருக்கு உடம்பு சரியில்லாமல் போவதே இல்லை என்பது மீசையின் நெடுநாள் வருத்தம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ரயில் நிலையத்தின் முன்கோபுரத்தில் கடிகாரக் கூண்டை ஏற்றும் நாள் நெருங்கியது. நாலு பக்கமும் நாலு முகம். ஒவ்வொரு முகமும் ஒரு வீட்டுக் கூடம் அகலம். எஃகும் கண்ணாடியுமாகத் தரையில் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். அதைத் தூக்கிக் கோபுரத்தின் தலையில் அலுங்காமல் வைக்க வேண்டும். அதன் பிறகு ஊரில் யார் நிமிர்ந்து மணி பார்த்தாலும் அது கிரேன்காரர் வைத்த மணி. இந்த ஒரு வேலைக்காகத்தான் தன் அம்மா தன்னைப் பெற்றாள் என்றே அவர் நம்பிவிட்டார்.

சரியாக அந்த நேரம் பார்த்து அவர் மூக்கு அடைத்தது.

முதலில் இரண்டு தும்மல். பிறகு தொண்டையில் கரகரப்பு. சாயங்காலத்துக்குள் மூக்கு இரண்டும் இழுத்து மூடிவிட்டது. "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று குளியலறையில் ரகசியமாகச் சொல்லிப் பார்த்தார். "டாட் டல்லாத்தாட் இருக்கேட்" என்று வந்தது.

அவர் வேலையிடத்தில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. காய்ச்சல், சளி, எதுவானாலும் சரி, எந்த மருந்து சாப்பிட்டாலும் சரி, ஏணியில் காலை வைக்குமுன் சேஃப்டி ஆபீசரிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னால் மேலே ஏற முடியாது. மீசை ஏறுவார். மீசை கடிகாரத்தை வைப்பார். பிறகு ஆயுள் முழுக்க, மணி பார்க்க நிமிரும்போதெல்லாம் மீசை ஞாபகம் வரும். கிரேன்காரருக்கு நெஞ்சே அடைத்தது. மூக்கு ஏற்கெனவே அடைத்திருந்ததால் இது கொஞ்சம் அதிகப்படி.

மனைவியிடம் சொல்லலாமா? அவளிடம் சொல்வதும் ஆபீசரிடம் சொல்வதும் ஒன்றுதான். கொக்கியில் எதுவும் மாட்டாத நேரத்தில்கூட அதன் கீழே யாரையும் நிற்க விடாதவள் அவள். ஆகவே முடிவு செய்தார். மறுநாள் அவருக்கு விடுமுறை. அதற்கு அடுத்த நாள்தான் கடிகாரம். ஒரே நாளில் சளியை விரட்டுவது. யாருக்கும் தெரியாமல் விரட்டுவது. முக்கியமாக அவளுக்குத் தெரியாமல் விரட்டுவது.

மருந்துக் கடையில் அலமாரி நிறைய சிரப் பாட்டில்கள். எதிலும் டாக்டர் சீட்டு கேட்கவில்லை. ஒன்றில் பச்சை இலையும் வேருமாகப் படம் போட்டு 'முழுக்க மூலிகை' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அந்தப் படத்தைப் பார்த்ததுமே அவருக்கு ஒரு மூக்குத் துவாரம் திறந்த மாதிரி இருந்தது.

"பிரஷர், சுகருக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"என்னைப் பார்த்தா மாத்திரை சாப்பிடற ஆள் மாதிரியா இருக்கு?"

"வண்டி, மிஷின் ஏதாவது ஓட்டற வேலையா?"

"உக்காந்த இடத்துலயே வேலை" என்றார் கிரேன்காரர். ஒரு பொய்கூடச் சொல்லாமல் தப்பித்ததில் அவருக்கே தன்மேல் மதிப்பு கூடியது. உண்மையில் தினமும் காலையில் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் அவர். ஆனால் அதை வாங்குவதும் எடுத்து வைப்பதும் அவள். அதனால் அது அவள் மாத்திரை என்பது அவர் கணக்கு.

இரண்டு பாட்டில் வாங்கினார். கூடவே தொண்டைக்கு மூலிகை மிட்டாய் ஒரு பொட்டலம். வெந்நீரில் கலக்க மூலிகைப் பொடி ஒரு டப்பா. வீட்டு பால்கனியில் அவருடைய மழை பூட்ஸ் ஜோடி சும்மா நின்றுகொண்டிருந்தது. மழையே இல்லாத மாதம். வலது பூட்ஸில் ஒரு பாட்டில், இடது பூட்ஸில் ஒரு பாட்டில். மிட்டாயும் பொடியும் வலது பக்கம். பூட்ஸ் இரண்டும் பழையபடி அப்பாவியாக நின்றன.

மறுநாள் காலை மனைவி கடிகாரத்துக்கான சங்கிலிகளைச் சரிபார்க்க வேலையிடத்துக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏன் பேசவே மாட்டேங்கறீங்க?"

அவர் புன்னகை செய்து கையை ஆட்டினார். அவள் போனதும் போனை அணைத்து வைத்தார். ஆபீசர் கூப்பிட்டுப் பேச்சுக் கொடுத்தால் மூக்கு காட்டிக் கொடுத்துவிடுமே! பிறகு வலது பூட்ஸில் கையை விட்டார்.

பாட்டிலோடு கோடு போட்ட ஒரு குட்டி மூடி வந்தது. பெரியவர்களுக்கு அதில் பாதி, காலை மாலை இரண்டு வேளை என்று போட்டிருந்தது. கிரேன்காரருக்குச் சிரிப்பு வந்தது. இது குருவிக்குத் தண்ணீர் வைக்கிற அளவல்லவா? அவர் தன் தொழிலை வைத்துக் கணக்குப் போட்டார். பாரம் பெரிதானால் பலமும் பெரிதாக வேண்டும். ஊர்ச் சளிக்குப் பாதி மூடி என்றால், கிரேன்காரர் சளிக்கு? பாட்டிலை அண்ணாந்து வாயில் கவிழ்த்தார். அப்புறம் இன்னொரு மடக்கு. கிரேனின் முன்கையில் பாரம் தொங்கும்போது பின்கையில் சிமென்ட் கட்டிகளை எதிர் எடையாக வைத்திருப்பார்கள். ஆகவே சிரப்புக்கு எதிர் எடையாக மிட்டாய் நாலு வாயில். மிட்டாய்க்கு எதிர் எடையாகப் பொடி இரண்டு கரண்டி வெந்நீரில். மேஜையில் மனைவி எடுத்து வைத்துவிட்டுப் போன பிரஷர் மாத்திரையைப் பார்த்தார். இதுவும் அதுவும் உள்ளே போய்ச் சண்டை போட்டால்? 'இன்னைக்கு உனக்கு லீவு' என்று சொல்லி அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மருந்தின் வேலை ஆரம்பித்தது. அடடா! காது சூடானது. நெஞ்சு தடதடவென்று அடித்தது. கண் சொக்கியது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆகாயத்தில் மிதந்தார். ஒரு இலையும் வேரும் சேர்ந்து ஒரு மனிதனை இவ்வளவு உயரம் தூக்குகிறதே, என்ன மகிமை இது என்று வியந்தார். கிரேனே இல்லாமல் உச்சிக்குப் போனது அவருக்கு அதுதான் முதல் தடவை. மத்தியானம் எழுந்து மறுபடி வலது பூட்ஸுக்குப் போனார். சாய்ந்த வெயிலில் மறுபடி போனார். ஒவ்வொரு தடவையும் சளி கொஞ்சம்கூடக் குறையவில்லை. மருந்தின்மேல் மரியாதை மட்டும் கூடிக்கொண்டே போனது.

சாயங்காலம் மனைவி வந்தாள். செருப்பைக் கழற்றினாள். பால்கனிப் பக்கம் ஒரு பார்வை. அவர் முகத்திலும் சட்டைப் பையிலும் ஒரு பார்வை. கை கழுவிவிட்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, எனக்கு ஒரு உதவி பண்ணணும்."

அவர் நிமிர்ந்தார். அவள் உதவி கேட்பது அபூர்வம்.

"காலையில மீட்டிங்ல சேஃப்டி பத்தி நான் பேசணுமாம். எனக்கு என்ன பேசறதுன்னே தெரியல. நீங்க இத்தனை பேருக்குப் பாடம் எடுத்தவரு. நான் கேள்வி கேக்கறேன், நீங்க பதில் சொல்லுங்க. அப்படியே மனசுல வெச்சுக்கறேன்."

கிரேன்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மூக்கடைப்புகூட மறந்துபோனது. "கேளு, கேளு" என்றார்.

"கொக்கியில மாட்டற பொருளோட எடை என்னன்னு ஆபரேட்டருக்குத் தெரியல. அட்டையில எழுதி ஒட்டியிருக்கு. ஆனா படிக்க அவருக்கு நேரமில்லையாம்."

"படிக்க நேரமில்லாதவனுக்குத் தூக்க மட்டும் ஏது நேரம்? தூக்கக் கூடாது!"

"சரி. இவ்வளவுதான் தூக்கலாம்னு கிரேன்ல சார்ட் இருக்கு. 'அது சின்ன கிரேனுக்குப் போட்டது, நம்ம கிரேன் பெருசு'ன்னு அவரே அளவைக் கூட்டிக்கிட்டாரு."

"அறிவு கெட்டவன்!" மேஜையில் தட்டினார். "சார்ட்டுல போட்டிருக்கறதுக்கு மேல ஒரு கைப்பிடி மண்கூட ஏத்தக் கூடாது. அது என்ன அவன் அப்பன் வீட்டு கிரேனா?"

"ஒரு பெட்டியை மாட்டியாச்சு. அப்புறம் அதே சரக்கு இருக்கற இன்னொரு பெட்டி, அப்புறம் இன்னொரு பெட்டி. மேல ஒட்டின பேரு மட்டும் வேற வேற. எல்லாத்தையும் ஒரே கொக்கியில மாட்டிட்டாரு. கேட்டா, உள்ள இருக்கறது வெறும் பஞ்சுதானேங்கறாரு."

"பஞ்சும் பாரம்தாம்மா! பேரு மாறினா எடை மாறிடுமா? இதெல்லாம் ஒரு ஆபரேட்டரா?"

"இன்னும் கேளுங்க. அந்த கிரேன்ல ஒரு பழைய கோளாறு இருக்கு. தினமும் காலையில அதுக்கு எண்ணெய் விட்டாகணும். இன்னைக்கு விடலை. கோளாறு ஏதும் உண்டான்னு கேட்டவங்ககிட்டயும் மறைச்சிட்டாரு."

கிரேன்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "துரோகி! கீழ நிக்கறவங்க உயிர் என்ன, விளையாட்டா? அவனை மேலயே ஏத்தக் கூடாது. எவ்வளவு பெரிய வேலையா இருந்தாலும் சரி. எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு, அவன் வாயாலயே ஒத்துக்க வைக்கணும்!"

"ரொம்ப நல்லாச் சொன்னீங்க" என்றாள் மனைவி.

தன் பையைத் திறந்தாள். பாதிக்குமேல் காலியான சிரப் பாட்டிலை மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் மிட்டாய்ப் பொட்டலம். பக்கத்தில் பொடி டப்பா. கடைசியாக அந்தக் குட்டி மூடி. அதில் ஒரு துளி ஈரம்கூட இல்லை. புத்தம் புதிதாகப் பளபளத்தது.

கிரேன்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அவள் எப்போது பால்கனிக்குப் போனாள்? எப்போது எடுத்தாள்? அவர் கண்ணெதிரேதானே இருந்தாள்! கை கழுவப் போனாளே, அப்போதா? சங்கிலியில் ஒரு கண்ணி மயிரிழை தேய்ந்திருந்தாலும் தள்ளி நின்றே கண்டுபிடிக்கிறவளுக்கு, ஒரு பூட்ஸ் ஒரு விரல் நகர்ந்தது தெரியாமல் போகுமா? பயத்தைவிட ஆச்சரியம்தான் அவருக்கு அதிகமாக இருந்தது.

"இது மூலிகைம்மா" என்று ஈனக் குரலில் ஆரம்பித்தார். "செடி. இலை. வேரு. இது என்ன பண்ணும்?"

"அரளியும் செடிதான்."

"கடையில சும்மாவே குடுக்கறாங்க, டாக்டர் சீட்டுகூடக் கேக்கல."

"கேட்டாங்கல்ல? மாத்திரை சாப்பிடறீங்களான்னு கேட்டாங்கல்ல? வர்ற வழியில உங்க பிரஷர் மாத்திரை வாங்கப் போனேன். நேத்து நீங்க வந்துட்டுப் போனீங்கன்னு கடைக்காரர் சொன்னாரு. சிரிச்சுக்கிட்டே போனீங்களாம்." பாட்டிலைத் திருப்பி அவர் பக்கம் காட்டினாள். "இதைப் படிங்க. நான் சொன்ன அட்டை இதுதான்."

எறும்பு எழுத்து. அவர் கண்ணைச் சுருக்கிப் படித்தார். அதிமதுரம் சேர்ந்தது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அருந்தக் கூடாது. அளவு மூடியால் மட்டும் அளந்து அருந்தவும். தூக்கம் வரலாம், வாகனமோ இயந்திரமோ இயக்க வேண்டாம். மிட்டாய்ப் பொட்டலத்தைத் திருப்பினார். அதிமதுரம். பொடி டப்பாவைத் திருப்பினார். அங்கேயும் அதுதான் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தது. மூன்று பெட்டி, ஒரே சரக்கு.

மனைவி பிரஷர் பார்க்கும் மிஷினை எடுத்து அவர் கையில் பட்டையைச் சுற்றினாள். அது உப்பி, இறுக்கி, இளகி, கடைசியில் ஒரு எண்ணைக் காட்டியது. அந்த எண்ணைப் பார்த்ததும் கிரேனில் பாரம் மீறும்போது கூவும் அலாரம் அவர் காதில் கேட்டது.

"உடனே டாக்டர்கிட்ட போறோம்" என்றாள். "வந்து பேசிக்கலாம்."

தெருமுனையில் இருந்த டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். மூன்றையும் நிறுத்தச் சொன்னார். காலையில் விட்ட பிரஷர் மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்று சொன்னார். வெந்நீர், ஆவி, தூக்கம் போதும், ஒரு வாரத்தில் சளி தானாகப் போகும் என்றார். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, காய்ச்சல் ஏறினாலோ அந்த நிமிஷமே வந்துவிட வேண்டும் என்று விரலை ஆட்டிச் சொன்னார்.

திரும்பி நடக்கும்போது கிரேன்காரர் தெருவிலேயே நின்றுவிட்டார்.

"ஒரே ஒரு நாள்தானேம்மா? காலையில சரியாயிடும். யாருக்கும் தெரியாது. அந்தக் கடிகாரத்தை நான் வைக்கணும். மீசை வெச்சா என்னால தாங்க முடியாது."

அவள் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கும் நீங்கதான் வைக்கணும்னு ஆசை. ஆனா கண்ணு சொக்கி நீங்க பிடியை அசைச்சா, கொக்கி இறங்கற இடத்துக்குப் பக்கத்துல நிக்கறது யாரு? நான்தானே?"

அவ்வளவுதான். இத்தனை வருஷமாக மேலிருந்து பார்த்த அந்த ஆரஞ்சுப் புள்ளி கிரேன்காரர் கண்முன் வந்தது. அது அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும். பக்கத்திலேயே டன் கணக்கில் இரும்பு தொங்கும். ஒரு தடவைகூட அது பயந்து நகர்ந்ததில்லை. மேலே இருப்பவர்மேல் அத்தனை நம்பிக்கை. அந்த ஆளா இன்றைக்குப் பாட்டிலைக் கவிழ்த்தார்? அவருக்கு அழுகையே வந்துவிட்டது. சளியாகவும் இருக்கலாம்.

"இப்பவே ஆபீசருக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன்" என்றார்.

"வேணாம் வேணாம்" என்றாள் அவள் சட்டென்று. "பாவம், அவரை எதுக்கு வீட்டுல தொந்தரவு பண்ணிக்கிட்டு? நேர்ல சொல்றதுதான் உங்களுக்கு மரியாதை. எல்லார் முன்னாடியும்."

அவருக்கும் அது சரியென்றே பட்டது. போனை அணைத்தபடியே விட்டார். இடது பூட்ஸைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. குடிக்கப்போவதில்லை, அது சத்தியம். ஆனால் இவ்வளவு பெரிய தோல்வியில் ஒரு மனிதனுக்கென்று ஒரே ஒரு ரகசியமாவது மிஞ்ச வேண்டாமா?

காலை மீட்டிங்கில் எல்லோரும் தொப்பியோடு வட்டமாக நின்றார்கள். மீசை அன்றைக்கு எதற்கோ மீசையை நன்றாக முறுக்கி வந்திருந்தார். கிரேன்காரர் நடுவில் வந்து தொண்டையைச் செருமினார்.

"டண்பர்களே" என்று ஆரம்பித்தார். யாரோ சிரித்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. சளியை ஒத்துக்கொண்டார். சிரப்பை ஒத்துக்கொண்டார். மூடியை விட்டுப் பாட்டிலோடு குடித்ததை, பிரஷர் மாத்திரைக்கு லீவு கொடுத்ததை, எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார். சட்டத்தை மீறியவன் நானே, தண்டனையும் நானே தருகிறேன் என்று நாடக பாணியில் கையைத் தூக்கினார். கடைசியில் மீசையின் தோளில் கை வைத்து, "கடிகாரத்தை நீ வை. நல்லபடியா வை" என்றபோது மீசைக்கே கண் கலங்கிவிட்டது.

சேஃப்டி ஆபீசர் தலையைச் சொறிந்தார்.

"நல்லது, நீங்களா வந்து சொன்னது ரொம்ப நல்லது. ஆனா இன்னைக்கு எந்தக் கடிகாரம்? நேத்து மத்தியானமே தள்ளி வெச்சாச்சே! ரெண்டு மூணு நாளைக்குக் குறையாம உச்சியில காத்து பலமா அடிக்குமாம். உங்களுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன், கிடைக்கல. அக்காகிட்ட சொல்லி அனுப்பினேனே?"

எல்லாத் தலைகளும் திரும்பின. சிக்னல் அக்கா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சங்கிலியைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

கிரேன்காரர் அன்றிலிருந்து ஒரே ஒரு கேள்வியைச் சுமந்து திரிந்தார். வீட்டில் கேட்க முடியவில்லை. வாயைத் திறந்தால் தெர்மாமீட்டர் நுழைந்தது. அதை எடுத்தால் வெந்நீர் வந்தது. அதைக் குடித்தால் தலைமேல் போர்வையைப் போட்டு ஆவி பிடிக்க வைத்தாள். போர்வைக்குள்ளிருந்து ஒரு ஆண்மகன் என்ன கேள்வி கேட்டுவிட முடியும்? படுத்தார். தூங்கினார். ஆச்சரியம் என்னவென்றால், எதையும் கவிழ்த்துக் குடிக்காமலேயே சளி மெதுவாகக் கிளம்பியது. மூக்கில் முதலில் ஒரு கதவு திறந்தது, பிறகு மறு கதவு. பிரஷர் மிஷினும் சமாதானமாகிவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, மேலே ஏறலாம் என்றார். காற்றும் அதே நாளில் அடங்கியது.

அன்று விடியும்போதே ஊர் கூடிவிட்டது. துணியை எடுத்தார்கள். நாலு முகமும் வெயிலில் ஜொலித்தன. கிரேன்காரர் ஏணியேறி உச்சிக்குப் போய் உட்கார்ந்தார். கண் தெளிவாக இருந்தது. மிக மிகக் கீழே, கோபுரத்து மேடையில், அந்த ஆரஞ்சுப் புள்ளி ஒரு கையைத் தூக்கிச் சுழற்றியது. ஏற்று.

கடிகாரம் தரையை விட்டு எழுந்தது. ஜனங்கள் ஓவென்று கூவியது மேலே கொசு ரீங்காரமாகக் கேட்டது. அது எழுந்து எழுந்து அவர் கண்ணுக்கு நேரே வந்தது. நாலு முகத்திலும் ஆகாயம் தெரிந்தது. ஒரு மேகம் முள்ளைக் கடந்து போனது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். பிறகு அவளுடைய கைகளை மட்டும் பார்த்தார். இத்தனை வருஷம் அந்தக் கைகளுக்குக் கீழ்ப்படிந்திருக்கிறார், ஆனால் அன்றைக்குத்தான் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். போதும். இறக்கு. மெதுவாக. இன்னும் மெதுவாக. அவள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட நெருங்கின. ஊரையே தூக்கி வைத்தது தான்தான் என்று இவ்வளவு நாள் பீற்றிக்கொண்டோமே, தூக்கியது அந்த இரண்டு விரல் அல்லவா என்று அவருக்குத் தோன்றியது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. விரல்கள் தொட்டன. கடிகாரம் உட்கார்ந்தது. ஒரு சத்தம்கூட எழவில்லை.

கீழே கைத்தட்டல் எழுந்தது. மீசை தொப்பியைக் கழற்றி ஆட்டினார். அவள் மேலே பார்த்து ஒரு கையை நெஞ்சில் வைத்தாள். அது எந்த சிக்னல் பட்டியலிலும் இல்லாத ஜாடை.

கிரேன்காரருக்கு அந்த உயரத்தில் தைரியம் வந்துவிட்டது. வீட்டில் கேட்க முடியாததை இங்கிருந்து கேட்கலாம். அவளால் எட்டிப் பிடித்துத் தெர்மாமீட்டரை வைக்க முடியாது. வாக்கி டாக்கியை எடுத்தார். அது வேலையிடம் முழுவதும் கேட்கும் என்பதை அந்த சந்தோஷத்தில் மறந்துபோனார்.

"ஹலோ, நான் பேசறது கேக்குதா?" மூக்கில் ஒரு அடைப்பும் இல்லாத குரல்.

"கேக்குது, சொல்லுங்க."

"கடிகாரம் தள்ளிப் போனது உனக்கு அன்னைக்கே தெரியும்ல? ஏன் என்கிட்ட சொல்லல? ஊரு முன்னாடி அவ்வளவு பேச வெச்சியே! ராத்திரி பூரா நான் எவ்வளவு துடிச்சேன் தெரியுமா? சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

வாக்கி டாக்கி கொஞ்சம் கரகரத்தது. வேலையிடம் முழுக்க எல்லோரும் இருந்த இடத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"சொல்லியிருந்தா, இன்னும் நாள் இருக்கேன்னு இடது பூட்ஸ்ல இருந்ததையும் குடிச்சு முடிச்சிருப்பீங்க. ஓவர்."